பழைய மரச்சாமானுக்கு எந்தப் பூச்சு? ஸ்பிரிட் பாலிஷ், எண்ணெய், வார்னிஷ், பி.யு., பெயின்ட்: ஓர் ஒப்பீடு

பழைய மேசையோ அலமாரியோ நாற்காலியோ, புதுப்பிக்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்பது "எந்தப் பாலிஷ் போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இப்போது இருக்கும் பாலிஷை எடுக்கத்தான் வேண்டுமா? எடுக்காமலே தீரக்கூடிய சின்னக் குறைக்காக மரத்தைத் தேய்த்துத் தள்ளிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு. பல ஆண்டுகள் வெளிச்சமும் காற்றும் பட்டு மரத்தின் மேல்தோலில் ஏறிய நிறம் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. உப்புத்தாள் அதை எடுத்துவிட்டால் எந்தப் பாலிஷும் திருப்பிக் கொடுக்காது.

ஆகவே எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. எவ்வளவு எடுப்பது, அதன்மேல் எதைப் போடுவது. இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: அந்தப் பூச்சு திரும்பக் கரையுமா, கரையாதா?

அரக்கில் செய்த ஸ்பிரிட் பாலிஷும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரும் கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே உலர்கின்றன. அதே கரைப்பானைத் தடவினால் எத்தனை ஆண்டு கழித்தும் இளகும். புதிதாகப் பூசும் பூச்சு பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். வார்னிஷ், பி.யு. (பாலியூரித்தேன்), மெலமைன், எண்ணெய் ஆகியவை அப்படியல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடோ, இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரோடோ வினைபுரிந்து இறுகுகின்றன. இறுகிய பின் கரையாது. அதனால், எண்ணெய் நீங்கலாக, மற்றவை தண்ணீர், சூடு, கீறல் எதையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஓரிடத்தில் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் தெரியாமல் சரிசெய்வது கடினம். உறுதிக்கும் பழுதுபார்க்கும் வசதிக்கும் இடையே இப்படி ஒரு பேரம் எல்லாத் தேர்விலும் உண்டு. புதுச்சாமானுக்கு உறுதி பெரிதாகத் தோன்றலாம். பழைய சாமானைப் பொறுத்தவரை, இன்னொரு முறை இன்னொருவர் கை வைக்க இடம் விடும் பூச்சே மேல் என்பது எங்கள் கணிப்பு. முக்கிய விலக்கு மேசைப் பலகை. அதைப் பிறகு பார்க்கலாம்.

மேலே இருப்பது எது?

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். காலின் உட்புறம், பலகையின் அடிவிளிம்பு போன்ற கண்ணில் படாத இடமாகப் பார்த்து, மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் மெழுகையும் அழுக்கையும் துடைத்தெடுங்கள். பிறகு பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாவிட்டால் என்.சி. தின்னரால் (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கரைக்கும் திரவம்) அதையே செய்யுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் லேக்கர். தோல்போலச் சுருங்கி எழும்பினாலோ, ஒன்றுமே ஆகாவிட்டாலோ வார்னிஷ், பி.யு., மெலமைன் இவற்றில் ஒன்று. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மரம் குடித்துவிடுகிறது என்றால் மேலே படலமே இல்லை, பழைய எண்ணெயோ மெழுகோதான் இருக்கிறது.

எடுக்காமல் மீட்பது

அரக்கோ லேக்கரோ என்று தெரிந்தால் உரிக்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். மங்கலாகவும் கறுப்பாகவும் தெரிவதில் பெரும்பகுதி பூச்சின் கெடுதல் அல்ல, அதன்மேல் படிந்த கைப்பிசுக்கும் மெழுகும்தான். முதலில் மினரல் டர்பன்டைனால் துடையுங்கள். அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் சிறு சிறு பகுதியாகத் துடைத்து, உடனுக்குடன் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். ஈரம் நின்றால் அரக்கு வெளுக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் அரக்கையே கரைத்துவிடும், அருகில் கொண்டு போகாதீர்கள்.

முதலைத்தோல்போல வெடிப்பு விட்ட அரக்குப் படலத்தை, ஸ்பிரிட் நனைத்த தூரிகையால் ஒரே திசையில் லேசாக இழுத்தால் போதும், இளகி வெடிப்புகள் தாமே கூடிக்கொள்ளும். லேக்கருக்கு ஸ்பிரிட்டுக்குப் பதில் தின்னர். தூரிகையை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டினால் படலம் கலங்கி வரிவரியாகிவிடும். ஓர் இழுப்பு, அப்புறம் ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும்.

வளையக் கறைகளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடுதான் உரிக்க வேண்டுமா என்பதையே தீர்மானிக்கும். வெள்ளை வளையம் பூச்சுக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் நனைத்த துணியை வளையத்தின்மேல் வேகமாக உரசிச் செல்ல, பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்பு வளையம் மரத்துக்குள் இருக்கிறது. இரும்புத் துருவும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய கறை அது. பூச்சை எடுத்தபின் ஆக்சாலிக் அமிலத்தால்தான் போகும். ஒரு லிட்டர் சுடுநீருக்கு 60 கிராம் அளவில் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, கறைமேல் மட்டும் தடவாமல் பலகை முழுவதும் தடவுங்கள். கறைமேல் மட்டும் தடவினால் கறுப்பு வட்டம் போய் வெளிர் வட்டம் மிஞ்சும். உலர்ந்ததும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அமிலப் படிகம் தூசியாகி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். அமிலம் நச்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

உரித்தே ஆக வேண்டுமென்றால்

பூச்சு செதில்செதிலாகக் கொட்டினாலோ, மேலே பெயின்ட் அடித்திருந்தாலோ, கறுப்புக் கறை இருந்தாலோ உரிப்பதைத் தவிர வழியில்லை. எந்த முறை என்பதில் சாமானின் வயது பேசும். பழைய சாமான்களின் மூட்டுகளும், மேலே ஒட்டும் மெல்லிய மரச்சீவலான வெனீரும் வச்சிரத்தால் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை) ஒட்டியவை. வச்சிரம் தண்ணீரிலும் சூட்டிலும் இளகும்.

அரக்குப் பூச்சை எடுக்க ஸ்பிரிட்டே போதும். தாராளமாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளால் பத்து நிமிடம் மூடிவைத்து, இளகியதைச் சுரண்டி, மிச்சத்தைக் கரடுமுரடான துணியால் துடைக்கலாம். மரத்தின் நிறம் அப்படியே நிற்கும். வார்னிஷ், பெயின்ட் வகைகளுக்கு ஜெல் வடிவிலான ரிமூவர்கள் உண்டு. இவற்றில் வேகமானது டைகுளோரோமீத்தேன் கலந்தது, பத்திருபது நிமிடத்தில் படலம் கொப்பளிக்கும். ஆனால் அதன் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, மூடிய அறையில் உயிரையே எடுக்கும். சாதாரணக் கரிவடிப்பான் முகமூடி அதற்கு ஈடு கொடுக்காது. அமெரிக்காவில் 2019 நவம்பர் முதல் வீட்டு உபயோகத்துக்கு அதைப் பெயின்ட் ரிமூவராக விற்கவே தடை. பென்சைல் ஆல்கஹால் கலந்தவை மெதுவானவை. சில மணி நேரம், சில நேரம் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். வீட்டில் செய்பவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். காத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. ஜெல்லைக் கனமாக, குறைந்தது 2 மில்லிமீட்டர் அளவுக்கு அப்பி, உலராமல் பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். மெல்லப் பூசிவிட்டு "இந்த ரிமூவர் வேலை செய்யவில்லை" என்பவர்கள் நிறைய.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன், தட்டையான கட்டை மரத்தில் கெட்டிப் பெயின்ட்டை விரைவாக எழுப்பும். வெனீர் மேல் பிடித்தால் வெனீரும் சேர்ந்து எழும்பும். காஸ்டிக் சோடா தொட்டியில் முக்குவது மலிவும் வேகமும் கொண்ட வழி, பழைய சாமானுக்கு ஆகாத வழியும் அதுவே. தேக்கு, ஓக் போன்ற மரங்களைக் கறுக்க வைக்கும், நாரைப் பஞ்சாக எழுப்பும், மூட்டுகளைக் கழற்றும், உள்ளே தங்கிய காரம் புதுப் பூச்சைப் பிறகு கெடுக்கும்.

பழைய பெயின்ட்டில் ஒரு கூடுதல் ஆபத்து, ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் அதற்குத் தடை வந்ததே 1978இல். வேறு பல நாடுகளில் அதற்கும் பின்னால்தான் வந்தது. வயது தெரியாத பெயின்ட்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதும் ஹீட் கன்னால் பொசுக்குவதும் கூடாது. ஜெல் ரிமூவரால் ஈரமாகவே எடுத்து, கழிவை மூடிய பையில் கட்டுங்கள். குழந்தைகள் புழங்கும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

உப்புத்தாளால் மட்டுமே உரிக்கிறேன் என்று மெஷினைக் கையிலெடுப்பது எல்லாவற்றிலும் மோசம். இளகாத பூச்சு சூடேறித் தாளில் அப்பிக்கொள்ளும், விளிம்புகள் மழுங்கும், பலகையில் குழி விழும். உப்புத்தாள் பூச்சை எடுக்கும் கருவியல்ல. எடுத்த பின் மரத்தைச் சமன் செய்யும் கருவி.

வெனீரும் மூட்டும்

உப்புத்தாள் போடுவதற்குமுன் வெனீரா கட்டை மரமா என்று விளிம்பில் பாருங்கள். மேல்பலகையின் ரேகை விளிம்பில் இறங்கித் தொடர்ந்தால் கட்டை மரம், விளிம்பில் மெல்லிய கோடாக வேறு மரம் தெரிந்தால் வெனீர். வாளால் அறுத்த பழைய வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். இயந்திரம் சீவிய புதியது அதில் பாதிகூட இருப்பதில்லை. வெனீரில் மெஷின் வேண்டாம். பென்சிலால் பலகை முழுக்க லேசாகக் கிறுக்கிவிட்டு, 180 நம்பர் தாளைக் கட்டையில் சுற்றிக் கையால் தேய்த்து, கிறுக்கல் மறைந்ததும் நிறுத்துங்கள்.

கட்டை மரத்தில் 120, 150, 180 என்று படிப்படியாக, எப்போதும் நாரோட்டத்தின் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கீறல் அங்கேயே தங்கி, சாயம் பட்டதும் பளிச்சென்று தெரியும். நிறமேற்றுவதானால் 180இல் நிறுத்துங்கள், அதற்குமேல் தேய்த்தால் மரம் மெருகாகிச் சாயத்தைக் குடிக்காது. எண்ணெய்க்கு 220 அல்லது 320 வரை போகலாம். தண்ணீரில் கரையும் பூச்சு எதைப் போடுவதானாலும், முன்கூட்டியே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டு, எழும்பிய நாரை 220 தாளால் மெல்ல வருடி எடுத்துவிட வேண்டும்.

ஆடும் மூட்டுகளைப் பூச்சுக்கு முன்பே சரிசெய்தாக வேண்டும். பழைய வச்சிரத்தின்மேல் வெள்ளைப் பசை பிடிக்காது. மூட்டைக் கழற்றி மரம் தெரியச் சுரண்டினால்தான் நிற்கும். வச்சிரம் மட்டும் பழைய வச்சிரத்தின்மேல் பிடிக்கும். பழைய நாற்காலிகளுக்கு இன்றும் வச்சிரமே சரி என்பதற்கு இது ஒரு காரணம், நாளை மறுபடி கழற்றலாம் என்பது இன்னொன்று. பிதுங்கிய பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பசை காய்ந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெளிறித் தெரியும்.

ஸ்பிரிட் பாலிஷ்

அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் செதிலாக்கி ஸ்பிரிட்டில் கரைத்தது. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் செதில் என்றால் துணிப் பொட்டணத்தால் ஏற்றும் பதம், 24 கிராம் என்றால் தூரிகைப் பதம். கண்ணாடிச் சீசாவில் போட்டு அவ்வப்போது குலுக்கினால் ஒரு நாளில் கரையும். மெல்லிய துணியில் வடிகட்டி, சீசாவில் தேதி எழுதிவையுங்கள். தேதி முக்கியம். கரைத்த அரக்கு மெல்ல மெல்ல ஸ்பிரிட்டோடு வினைபுரிந்து கெடும். ஆறு மாதத்துக்குமேல் ஆனதைப் பூசினால் என்றைக்கும் முழுதாக இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். சந்தேகமிருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாள் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள்.

தூரிகை முறை எளிது. மூன்று கோட்டிங், ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம், கடைசிக்கு முன் 320 தாளால் ஒரு வருடல். இரண்டு நாள் கழித்து 0000 ஸ்டீல் வூலில் (மிக நுண்ணிய இரும்பு நார்) மெழுகு தொட்டு நாரோட்டத்தில் தேய்த்தால் மென்மையான பட்டுப் பளபளப்பு வரும். கண்ணாடிபோன்ற மெருகு வேண்டுமென்றால் பொட்டண முறை. உள்ளே பஞ்சு, வெளியே பலமுறை துவைத்த பருத்தித் துணி. உள்ளேயிருக்கும் பஞ்சில் பாலிஷை ஊற்றிப் பிழிந்து, உள்ளங்கையில் அழுத்தினால் ஈரம் மட்டும் தெரியும் பதத்தில் வட்டமாகவும் எட்டு வடிவிலும் ஓட்ட வேண்டும். மரத்தின்மேல் நிற்கவே கூடாது, விமானம் இறங்கி ஏறுவதுபோல ஓட்டத்திலேயே தொட்டு ஓட்டத்திலேயே எடுக்க வேண்டும். நின்றால் கீழே உள்ள படலம் கரைந்து துணியின் தடம் பதியும். இழுவை தெரிய ஆரம்பித்ததும் பொட்டணத்தின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய். அந்த எண்ணெயைக் கடைசியில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட புதுப் பொட்டணத்தால் துடைத்தெடுப்பதை மறக்கக்கூடாது, மறந்தால் சில வாரத்தில் மங்கும். தேக்கு, ஈட்டி போன்ற கண் திறந்த (மேற்பரப்பில் நுண்துளைகள் தெரியும்) மரங்களில் கண்ணாடி மெருகு வர முதலில் கண்களை அடைக்க வேண்டும். சாக் பவுடரை மரத்தின் நிறமூட்டிப் பாலிஷில் குழைத்து, நாருக்குக் குறுக்கே தேய்த்து அடைப்பது வழக்கமான முறை.

மழைநாளில் பூசினால் காற்றின் ஈரம் படலத்தில் படிந்து வெண்புகை படர்ந்தாற்போல ஆகும். பயப்பட வேண்டாம், உலர்ந்த நாளில் ஸ்பிரிட்டால் ஒருமுறை வருடினால் போகும். அரக்கின் குறைகளும் தெளிவானவை. சூடான பாத்திரம் தடம் பதிக்கும், மது சிந்தினால் கரையும், சோப்புத் தண்ணீர் நின்றால் வெளுக்கும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாமே மேசைப் பலகையின் குறைகள். அலமாரிக் கதவிலும், கட்டில் தலைமாட்டிலும், நிலைக்கண்ணாடிச் சட்டத்திலும் சூடு எங்கிருந்து வரும்?

இன்னொரு வேலைக்கும் அரக்கு நிகரற்றது. மெழுகு நீக்கிய அரக்கு ஏறக்குறைய எந்தப் பழைய பூச்சின்மேலும் ஒட்டும், அதன்மேல் ஏறக்குறைய எதுவும் ஒட்டும். பழைய சாமானில் சிலிகோன் கலந்த மெருகுத் திரவம் ஊறியிருந்தால் புது வார்னிஷ் மீன்கண் போலக் குழிகுழியாக விலகி ஓடும். இடையில் ஒரு கோட்டிங் அரக்கு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெழுகு நீக்காத அரக்கை இதற்குப் பயன்படுத்தினால் மேலே போடும் பி.யு. பிடிக்காமல் உரியும்.

எண்ணெய்

ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய், எண்ணெயும் வார்னிஷும் கலந்த டேனிஷ் எண்ணெய் வகைகள் எல்லாம் கற்றுக்கொள்ள எளியவை. தாராளமாகத் தடவி, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிட்டு, ஒருநாள் விட்டு மறுபடி. மூன்று நான்கு முறை. கலப்படமில்லாத டங் எண்ணெய்க்கு ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசினாக நிற்பதுதான் இதில் நடக்கும் ஒரே பெரிய தவறு. கண் திறந்த மரத்தில் துடைத்த பிறகும் மணிக்கணக்கில் எண்ணெய் கசிந்து புள்ளிகளாக நிற்கும், முதல் நாள் மணிக்கொருமுறை துடையுங்கள். ஆளி விதை எண்ணெயில் "பாய்ல்டு" என்று போட்டதையே வாங்குங்கள். உலர்த்தி சேர்க்காத பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் உலராது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோக டப்பாவில் அமிழ்த்துங்கள்.

பார்வைக்கு எண்ணெய்போல மரத்தின் உயிரைக் காட்டும் பூச்சு வேறில்லை. கீறல் விழுந்தாலும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் தீர்ந்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் மிகக் குறைவு. தண்ணீர் நின்றால் கறையேறும். ஈரப்பதம் மிகுந்த, காற்றோட்டமில்லாத அறையில் ஆளி விதை எண்ணெய் பூஞ்சைக்கு இரையாகும். ஆண்டுக்கொருமுறை மறுபடி பூச மனமிருந்தால் தேர்ந்தெடுங்கள். மெழுகைத் தனிப் பூச்சாக நாங்கள் எண்ணுவதில்லை. மற்றொரு பூச்சின்மேல் மெருகாக மட்டும் நல்லது.

வார்னிஷ், பி.யு.

எண்ணெய் அடிப்படையிலான, ஒற்றை டப்பாவில் வரும் பி.யு. வார்னிஷ்தான் வீட்டில் தூரிகை பிடிப்பவருக்குக் கிடைக்கும் மிக உறுதியான பூச்சு. தேன்நிறம் தரும், ஆண்டுகள் போக இன்னும் மஞ்சளாகும். பழைய மரத்துக்கு அந்த நிறம் பொருந்தும். முதல் கோட்டிங்கில் பத்து சதம் மினரல் டர்பன்டைன் கலந்து, பின் இரண்டு கோட்டிங் அப்படியே. இடையில் ஒருநாள் விட்டு 320 தாள். எப்போது மறுபடி பூசலாம் என்பதைக் கடிகாரத்தைவிடத் தாள் சரியாகச் சொல்லும். தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிர வேண்டும். தாளில் அப்பினால் இன்னும் காயவில்லை. டப்பாவைக் குலுக்காதீர்கள், காற்றுக்குமிழி அப்படியே உறைந்துவிடும். தட்டையான குச்சியால் அடியிலிருந்து மெல்லக் கிளறுங்கள், மங்கல் வகைகளில் மெருகைக் குறைக்கும் பொடி அடியில்தான் தங்கியிருக்கும்.

தூரிகைத் தடமும் தூசியும் தொல்லை என்றால், வார்னிஷும் மினரல் டர்பன்டைனும் சரிபாதி கலந்து துணியால் துடைத்துப் பூசலாம். ஒரு தூரிகைக் கோட்டிங்குக்கு மூன்று துடைப்பு வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தூசி படியுமுன் உலர்ந்துவிடும். முதன்முறை செய்பவருக்கு இதுவே நிச்சயமான வழி.

தேக்கிலும் ஈட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. மரத்தின் இயற்கை எண்ணெயும் பிசினும் எண்ணெய் வார்னிஷ் இறுகுவதைத் தடுக்கும், வாரம் கழிந்தும் விரல் ஒட்டும். பூசுமுன் அசிட்டோனால் துடைத்து ஒரு மணி நேரத்துக்குள் பூசுங்கள். அதைவிட நிச்சயம், மெழுகு நீக்கிய அரக்கில் ஒரு கோட்டிங் அடித்தளம். அதன்பின் வார்னிஷ் வழக்கம்போல் இறுகும்.

தண்ணீர் அடிப்படையிலான பி.யு. வாடை குறைவு, இரண்டு மணி நேரத்தில் அடுத்த கோட்டிங், மஞ்சளாகாது. வெளிர் மரத்துக்கும் வெள்ளைச் சாயத்துக்கும் இதுதான். கறுத்த பழைய மரத்தில் மட்டும் உயிரில்லாமல், மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியதுபோலத் தெரியும். அடியில் அரக்கு போட்டால் அந்தக் குறை ஓரளவு மறையும். இடையில் தேய்க்க ஸ்டீல் வூல் கூடாது, மிஞ்சும் இழைகள் துருப்பிடித்துக் கரும்புள்ளி வைக்கும். எந்த பி.யு.வானாலும் கைக்குக் காய்ந்தது வேறு, முழுக்க இறுகுவது வேறு. மூன்று நான்கு வாரம் வரை சூடான பாத்திரமும் கனமான பொருளும் வைக்காமல் பொறுக்க வேண்டும்.

மெலமைன் பாலிஷும், ஹார்டனர் கலந்து ஸ்பிரே செய்யும் இரண்டு பாக பி.யு.வும் பட்டறைக்காரர்களின் பூச்சு. தேய்மானத்துக்கு இவற்றை மிஞ்ச மற்றவற்றால் முடியாது. ஆனால் கலந்த பிறகு சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகும். மெலமைனிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறும். பி.யு. ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலில் ஆஸ்துமாவை உண்டாக்கும், அதற்குக் காற்று செலுத்தும் முகமூடி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடும் மூட்டும் விரிந்து சுருங்கும் பலகையும் கொண்ட பழைய சாமானில் இந்தக் கெட்டிப் படலம் மூட்டுக்கோட்டில் விரிசல் விடும். பழுதுபார்க்க முழுப்பலகையையும் உரிக்க வேண்டிவரும். வீட்டிலுள்ள பழைய சாமானுக்கு இரண்டையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அழகானது, பத்து நிமிடத்தில் தூசி ஒட்டாத அளவுக்கு உலரும், எளிதில் சரிசெய்யலாம். ஆனால் ஸ்பிரே வசதியும் தீப்பொறி படாத காற்றோட்டமான இடமும் இல்லாதவருக்கு அது பயன்படாது.

பெயின்ட்

நல்ல ரேகையுள்ள மரத்தைப் பெயின்ட்டால் மூடுவது வருத்தமான காரியம். பின்னால் கண்களுக்குள் இறங்கிய பெயின்ட்டை முழுக்க எடுக்க யாராலும் இயலாது. ஆனால் பல மரம் கலந்து செய்தது, பட்டி போட்டு ஒட்டுப்போட்டது, வெனீர் பாதி போனது என்றால் பெயின்ட்டே நியாயமான முடிவு. பழைய பூச்சை உரிக்க வேண்டியதில்லை. மெழுகைத் துடைத்து, 180 தாளால் மினுமினுப்பை மழுங்கடித்து, அரக்கு அடிப்படையிலான பிரைமர் ஒரு கோட்டிங் போடுங்கள். சாதாரணப் பிரைமரைத் தாண்டி மரத்தின் சிவப்புச் சாயமும் கணுக்களின் பிசினும் வெள்ளைப் பெயின்ட்டில் மஞ்சளாகக் கசியும், அரக்குப் பிரைமர் தடுத்துவிடும். இழுப்பறையின் பக்கவாட்டிலும் அது ஓடும் தடத்திலும் பெயின்ட் படக்கூடாது. அரை மில்லிமீட்டர் தடித்தாலே இறுகிவிடும். அங்கே மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

எதற்கு எது

சாப்பாட்டு மேசைப் பலகைக்கு அரக்கு அடித்தளத்தின்மேல் எண்ணெய் பி.யு. மூன்று கோட்டிங். அதே மேசையின் கால்களுக்கும் சட்டத்துக்கும் அரக்கு மட்டும் போதும். ஒரே சாமானில் இரண்டு பூச்சு இருப்பதில் தவறில்லை, மெருகின் அளவு ஒத்துப்போனால் கண்ணுக்குத் தெரியாது. எழுது மேசைக்குத் துணியால் துடைத்துப் பூசும் வார்னிஷ் ஐந்தாறு முறை. கைப்பிடி உள்ள நாற்காலியில் கை படும் இடம் வியர்வையால் அரக்கை மென்மையாக்கும், அங்கேயும் வார்னிஷே நல்லது. பிற பகுதிக்கு அரக்கு. தொட்டிலுக்கு அரக்கு, அது மாத்திரை உறைக்கும் பழ மெருகுக்கும் பயன்படும் பொருள். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பெஞ்சுக்கு உள்வீட்டுப் பி.யு. போட்டால் ஒரே பருவத்தில் உரியும். சூரியனின் புறஊதாக் கதிர் படலத்துக்கு அடியிலுள்ள மரநாரைச் சிதைத்துப் பிடியை விடுவிக்கும். அங்கே வெளிப்புற எண்ணெயை ஆண்டுதோறும் பூசுவதே குறைந்த வேலை, ஏனென்றால் மறுபடி உரிக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு கையகல இடத்தில், தாள் போடுவது முதல் கடைசிக் கோட்டிங் வரை முழு வரிசையையும் செய்து பாருங்கள். டப்பாவின்மேல் அச்சிட்ட நிறம் உங்கள் மரத்தின் நிறமல்ல. மேல்பக்கம் பூசிய பலகைக்கு அடிப்பக்கமும் ஒரு கோட்டிங்காவது கொடுங்கள். ஒருபக்கம் மட்டும் ஈரம் புகுந்தால் பலகை வளையும்.

அலமாரியின் உட்புறத்துக்கும் இழுப்பறைக்குள்ளும் எண்ணெயும் எண்ணெய் வார்னிஷும் வேண்டாம். காற்றோட்டமில்லாத இடத்தில் அந்த வாடை ஆண்டுக்கணக்கில் போகாது, துணிகளில் ஏறும். அங்கே மெல்லிய அரக்கு ஒரு கோட்டிங். முன்பே புழுங்கல் வாடை அடித்தால் அதையும் அது உள்ளேயே பூட்டிவிடும்.